ஒரு கைப்பிடி கோபால்ட்

கோபால்ட் சேர்க்காமல் பேட்டரி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்ட தொழிற்சாலைகள் அந்த ஆண்டுகளில் உலகெங்கும் இருந்தன. பெரும்பாலானவை கோபால்டைக் கொஞ்சம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தன. நிஜமாகவே போடாமல் செய்தது தூத்துக்குடியில் இருந்த தென்கடல் ஆலை ஒன்றுதான். ஆகவே புகார் அதன் மேல்தான் போனது.

புகார் கொடுத்தவர்களையும் குறை சொல்ல முடியாது. அதே கம்பெனி, அதே செய்முறையை வைத்துக்கொண்டு, அதே இயந்திரங்களை வாங்கி ஓசூரில் இரண்டாவது ஆலையைத் திறந்திருந்தது. அங்கே வந்தது பேட்டரித் தூள் அல்ல, வெறும் சேறு. அதில் செய்த பேட்டரி ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. ஒரே சமையல் குறிப்பில் ஒரு வீட்டில் பாயசமும் இன்னொரு வீட்டில் கஞ்சியும் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். தூத்துக்குடிக்காரர்கள் கள்ளத்தனமாகக் கோபால்ட் போடுகிறார்கள் என்று போட்டிக் கம்பெனிகள் எழுதிப் போட்டன. பேட்டரி வாங்கும் நாடுகள் சேர்ந்து வைத்திருந்த ஆணையம் ஒரு தணிக்கையாளரை அனுப்புவதாகச் சொன்னது. தணிக்கையில் தோற்றால் தென்கடல் சரக்கை எந்த நாடும் தொடாது. ஆலையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான்.

செய்முறையைக் கண்டுபிடித்தவள் கனகமணி, ஆலையின் தலைமை வேதியியலாளர். புகாரைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்கியதும் பயம் வந்தது. கோபால்ட் போடவில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். போடாமலே ஏன் இவ்வளவு நன்றாக வருகிறது என்பதுதான் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் பத்துத் தடவை செய்தால் இரண்டு தடவைதான் சரியாக வந்தது. ஆலையிலோ திறப்பு விழா நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தவறவில்லை. பெரிய தொட்டியென்றால் நன்றாக வரும் போலிருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு அவளும் விருதுகளை வாங்கிக்கொண்டிருந்தாள். ஓசூர்தான் வந்து மானத்தை வாங்கியது.

பூட்டினால் போகப்போவது விருது மட்டும் என்றால் அவள் அவ்வளவு பயந்திருக்கமாட்டாள். ஆலையில் வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் உப்பளத்திலிருந்து வந்த பெண்கள். வீடு வீடாகப் போய்ப் பேசி அவர்களை அழைத்துவந்தவளே கனகமணிதான். கழுவும் பிரிவை நடத்திய செல்லக்கனிக்குப் பாதத்து வெடிப்பு ஆறவே ஒரு வருடம் ஆனது. வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

“தணிக்கைக்காரம்மா வாராவளாமே?” என்று கேட்டாள் செல்லக்கனி. “அக்கா, கோபால்ட்டு இல்ல, கோபால்ட்டு இல்லன்னு நாலு வருசமா சொல்லுதிய. இருந்தா அது என்னதான் செய்யும்? அத ஒருநாளும் சொல்லலியே.”

“திருச்செந்தூர் பஸ்ஸ நெனச்சுக்கோ. ஒரு வரிசையில லித்தியம், ஒரு வரிசையில நிக்கல். சார்ஜ் ஏத்தும்போது லித்தியம் எல்லாம் எறங்கிப் போகும். பேட்டரி ஓடும்போது திரும்பி வந்து ஏறும். வந்து பார்த்தா அது எடத்துல நிக்கல் உக்காந்திருக்கும். எந்திரின்னா எந்திரிக்காது. இப்படியே எடமெல்லாம் அடஞ்சு போச்சுன்னா பஸ்ஸு படுத்துரும்.”

“கோபால்ட்டு?”

“அதுதான் கண்டக்டர். அவனவன அவனவன் எடத்துல உக்கார வைக்கும்.”

“அப்ப நம்ம பஸ்ல கண்டக்டரே இல்லாம எல்லாரும் ஒழுங்கா உக்காந்திருக்காவளா? நம்ம ஊர்லயா?” செல்லக்கனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கனகமணிக்குச் சிரிப்பு வரவில்லை. “அதாம்ட்டி எனக்கும் புரியல.”

“நல்ல கண்டக்டர எதுக்கு எறக்கி விடணும்?”

“அது கெடைக்கிற ஊர்ல சின்னப் பிள்ளைக மண்ணத் தோண்டி, ஆத்துல அலசி எடுக்குதுக. குழி சரிஞ்சா உள்ளேயே கெடக்க வேண்டியதுதான்.”

செல்லக்கனி எழுந்தாள். “அப்ப எறக்கித்தான் விடணும்,” என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.

தணிக்கையாளர் ஒடெட் கசோங்கோ திங்கட்கிழமை காலையில் வந்து இறங்கினார். ஒட்ட வெட்டிய நரைமுடி, பெரிய கைப்பை, சிரிக்காத முகம். காங்கோவில் கோல்வேசிக்காரர். கோபால்ட் விளைகிற ஊரிலிருந்தே ஒருவர் கோபால்டைப் பிடிக்க வந்திருக்கிறார் என்று ஆலை முழுக்கப் பேச்சானது. அவர் பேசியது பிரெஞ்சு. கழுத்தில் தொங்கிய மொழிபெயர்ப்புக் கருவி அதைத் தமிழாக்கியது. அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் யாரோ செய்தி வாசிப்பவராக இருந்திருக்க வேண்டும்.

“தங்கள் தொட்டிகளைக் காண விழைகிறேன்,” என்றது கருவி. உற்பத்தி மேலாளர் லிங்கதுரை தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டார். அவர் பழைய கம்பெனி ஒன்றில் பல காலம் கோபால்ட் பேட்டரிக்குத் தூள் செய்துவிட்டு இங்கே வந்த பொறியாளர். வயதில் மூத்தவர் என்பதால் கனகமணி உட்பட எல்லோருக்கும் அண்ணாச்சி.

ஒடெட் தொட்டியைச் சோதித்தார். வடிகாலைச் சோதித்தார். பெண்களின் கையுறைகளைக் கேட்டு வாங்கி அவற்றையும் சோதித்தார். எங்கும் கோபால்ட் இல்லை. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று கனகமணி பேனாவைக்கூட எடுத்து வைத்தாள்.

“கோபால்ட் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்,” என்றது கருவி. “ஆயின் ஓசூரில் ஏன் இயலவில்லை?”

“தெரியல,” என்றாள் கனகமணி.

“தாங்களே அறியாத ஒன்றுக்கு நான் எவ்வாறு கையொப்பமிடுவது? அறியும்வரை காத்திருக்கிறேன்.”

மறுநாள் அவர் தொட்டியருகே நின்று வேடிக்கை பார்த்தார். ஒரு தொட்டி வைத்து இறக்குவதை ஆலையில் ஈடு என்பார்கள், இட்லிக்குச் சொல்வதுபோல. முந்தைய ஈட்டிலிருந்து ஒரு கரண்டித் தூளை எடுத்து ஒரு பெண் புதுத் தொட்டியில் போட்டாள். ஒடெட் கையை நீட்டினார். “இது யாது?”

“வெதைத் தூள். எல்லா ஊர்லயும் போடுறதுதான். பழைய உருண்டை மேல புதுசு ஒட்டி வளரும், நேரம் மிச்சம்,” என்றாள் கனகமணி.

“முந்தைய ஈட்டுக்கு?”

“அதுக்கு முந்தின ஈட்டுலருந்து.”

“முதல் ஈட்டுக்கு?”

“முதல் ஈட்டுக்கு வெதை கெடையாது. அது தானாவே வந்துச்சு. செய்முறையில நானே எழுதியிருக்கேன்.”

பக்கத்தில் நின்ற லிங்கதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். பிறகு ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நழுவினார். கனகமணி அவர் பின்னாலேயே போய்க் கேன்டீனுக்குப் பின்பக்கம் வைத்துப் பிடித்தாள்.

“அண்ணாச்சி, முதல் ஈட்டுல என்ன செஞ்சிய?”

லிங்கதுரை இரண்டு பக்கமும் பார்த்தார். “திறப்பு விழாவுக்கு மந்திரி வாராரு, டிவிக்காரன் வாரான். தொட்டியானா சேத்தத்தான் கக்குது. நீங்க டெல்லிக்குப் போயிருந்திய. நான் என்ன செய்ய?”

“என்ன செஞ்சிய?”

“பழைய கம்பெனிய விட்டு வரும்போது ஒரு டிபன் பாக்ஸ்ல அங்கத்தத் தூளு கொஞ்சம் கொண்டாந்தேன். சூளையில இன்னும் சுடாத பச்சைத் தூளு. திருடல, கேட்டுத்தான் எடுத்தேன். எங்க வீட்டுல எந்த ஊருக்கு மாத்தலாகிப் போனாலும் என் வீட்டுக்காரி பழைய வீட்டுத் தயிர்ல ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டுத்தான் வண்டி ஏறுவா. புது ஊர்ல காய்ச்சுற முதல் பால்ல அதத்தான் உறை ஊத்துவா. அது மாதிரி நானும் ஒரு கைப்பிடி…”

“அதுல கோபால்ட் இருந்துச்சா?”

“இல்லாம? ஆனா ஒரு கைப்பிடிதான்மா.”

கனகமணி கத்தினாள். “தயிராம் தயிர்! எஞ்சினியரிங் படிச்சவருதானே நீங்க? நாலு வருசமா நான் ஊர் ஊராப் போய் மேடையேறி கோபால்ட்ட தொடவே இல்லன்னு பேசிக்கிட்டிருக்கேன். நீங்க பின்னாலயிருந்து உறை ஊத்தியிருக்கிய!”

கேன்டீன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் உள்ளே போய்விட்டார்.

“மங்களகரமா இருக்கட்டும்னுதாம்மா போட்டேன். அதனாலதான் வந்துச்சுன்னு எனக்கு நெனப்பே இல்ல. இந்தம்மா முதல் ஈட்டுக்கு, முதல் ஈட்டுக்குன்னு கேக்கயிலதான் திக்குன்னுச்சு.”

“அப்ப ஓசூருக்கு மட்டும் ஏன் போடல?”

“ஓசூர் திறப்புக்கு நான் எங்க போனேன்? முட்டி ஆபரேசன் பண்ணிக் கெடந்தேன்லா.”

இன்னும் திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். முதல் தொட்டியில் ஒரு கைப்பிடி. அந்தத் தொட்டியிலிருந்து ஒரு கரண்டி அடுத்த தொட்டிக்கு. அதிலிருந்து ஒரு கரண்டி அதற்கடுத்ததற்கு. பத்தாவது ஈட்டுக்குள் அந்தக் கைப்பிடியின் ஓர் அணுகூட மிஞ்சியிருக்காது. ஆனால் ஒழுங்கு மிஞ்சியிருக்கிறது.

“அண்ணாச்சி,” என்றாள். குரல் மாறிவிட்டது. “கண்டக்டர் முதல் ஸ்டாப்புலயே எறங்கிட்டான். உக்காந்தவங்க உக்காந்தபடியே இருந்திருக்காங்க. புதுசா ஏறினவங்க அவங்களப் பாத்து உக்காந்திருக்காங்க.”

லிங்கதுரைக்கு அந்த பஸ்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. திட்டு நின்றதே போதும் என்று தலையை ஆட்டினார்.

அன்றைக்கே புதிதாக வாங்கிய இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்து ஒன்றில் விதையில்லாமலும் இன்னொன்றில் ஆலையின் தூள் ஒரு சிட்டிகை போட்டும் செய்து பார்த்தாள். முதலாவது சேறு. இரண்டாவது அசல் தூத்துக்குடிச் சரக்கு. ஆய்வுக்கூடத்தில் பத்துக்கு இரண்டு தடவை சரியாக வந்த ரகசியமும் விளங்கியது, பழைய தூள் ஒட்டிக்கிடந்த, சரியாகக் கழுவாத குடுவைதான் காரணம். ஓசூர்க்காரர்களோ தங்கள் சேற்றிலிருந்தே விதையெடுத்து அடுத்த சேற்றை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கனகமணி தனியாக நின்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நாலு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல் இருந்தது. அந்தச் சந்தோஷம் லிங்கதுரை உள்ளே வரும்வரைதான் நீடித்தது.

“சொல்லவேண்டாம்மா,” என்றார் அவர். “இப்ப அளந்தா நம்மகிட்ட கோபால்ட்டு கெடையாது. ஓசூருக்கு நம்ம தூளுல ஒரு கைப்பிடி அனுப்பிட்டா அதுவும் சரியாயிரும். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிரலாம்.”

“நேத்து தெரியலன்னு சொன்னேன், அது உண்மை. இன்னைக்குத் தெரியலன்னு சொன்னா பொய்யில்லையா அண்ணாச்சி? இத மறைச்சா மத்த ஊர்க்காரனெல்லாம் இன்னும் கோபால்ட்டத்தானே போட்டுக்கிட்டிருப்பான்?”

“அது சரி. இந்தப் பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்ல?”

கனகமணி குடுவையை வைத்துவிட்டு நடந்தாள். கழுவும் பிரிவுக்குப் போய்ச் செல்லக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செல்லக்கனி குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். அவள் முகம் இறுகிவிட்டது.

“உங்களுக்கு வேற எடத்துல வேல கெடைக்கும்க்கா. எங்களுக்கு உப்புதான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்லப் போறிய.”

“ஆமா.”

செல்லக்கனி குழாயைத் திறந்தாள், மறுபடி மூடினாள். “சொல்லுறதுன்னா எங்க முன்னால வச்சுச் சொல்லுங்க. எங்க தலையெழுத்த நாங்களும் கேக்கணும்லா.”

மறுநாள் காலையில் அப்படியே நடந்தது. ஈரத் தரையில் பெண்கள் வட்டமாக நிற்க, கனகமணி தணிக்கையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தயிர்க் கிண்ணம் உட்பட. ‘உறை ஊத்துவா’ என்ற இடத்தில் கருவி திணறியது. செல்லக்கனி கையால் செய்து காட்டினாள். ஒடெட் புரிந்துகொண்டார். அவர்கள் ஊரிலும் தயிர் உண்டாம்.

“அந்தத் தூளில் இருந்த கோபால்ட் எந்த ஊரைச் சேர்ந்தது?”

“சாக்குல கோல்வேசின்னுதான் போட்டிருக்கும்,” என்றார் லிங்கதுரை தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒடெட் கைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு கருவி பேசியது. “இன்றைய பொருளில் கோபால்ட் இல்லை. பாட்டனார் அருந்திய மதுவுக்காகப் பேரனைக் கைது செய்ய இயலாது. ஆயின் முதல் மூன்று ஈடுகளில் அது இருந்திருக்கும். கோபால்ட் அற்றவை என்று கூறி அவற்றை விற்றிருந்தால் அது பொய் அறிவிப்பு. பொய் அறிவித்த ஆலைக்கு நிரந்தரத் தடை. அதை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. அவை இப்போது எங்கே உள்ளன?”

முதல் ஈடுகள் எங்கே போயின என்று கனகமணி யோசித்ததே இல்லை. லிங்கதுரையைப் பார்த்தாள். எல்லோரும் லிங்கதுரையைப் பார்த்தார்கள்.

“விக்கலியே,” என்றார் அவர், இதென்ன கேள்வி என்பதுபோல். “முதல் ஈட்ட எவனாச்சும் விப்பானா? முதல் ஈடு அம்மன் கோயிலுக்கு. கரண்ட்டு போனா லைட்டு எரியட்டும்னு பேட்டரியாச் செஞ்சு குடுத்தோம். அங்க குடுத்துட்டு மாதா கோயிலுக்குக் குடுக்காம இருக்க முடியுமா? ரெண்டாவது ஈடு அங்க. மூணாவது தர்காவுக்கு. இல்லாட்டி ஊருக்குள்ள பேச்சாயிரும்லா.”

அன்று மதியம் தணிக்கை ஊர்வலமாகக் கிளம்பியது. அம்மன் கோயிலில் ஒடெட் செருப்பைக் கழற்றிவிட்டு மின்பெட்டியைத் திறந்து சுரண்டி எடுத்தார். கோபால்ட் இருந்தது. பூசாரி சாமிக்குக் குற்றம் ஏதும் உண்டா என்று கவலையோடு விசாரித்தார். மாதா கோயிலில் இருந்தது கொஞ்சம். தர்காவில் இருந்தது சோதனைக் கருவிக்கே சந்தேகமாக இருக்கும் அளவு. மூன்று பெட்டியிலும் ‘கோபால்ட் அற்றது’ என்ற முத்திரையைத் தேடினார். இல்லை. அந்த இடத்தில் பெயின்டால் கொட்டை எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

“இது என்ன முத்திரை?”

“உபயம்,” என்றாள் கனகமணி. “தென்கடல் தொழிலாளர்கள் உபயம். கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கிக் குடுத்தாக்கூட அதுல எழுதிருவோம். நாங்க சும்மா குடுத்தோம்னு அர்த்தம்.”

“எனில் இது விற்பனை அன்று,” என்றது கருவி. ஒடெட் அங்கேயே, தர்கா வாசலில் காரின் மேல் தாளை வைத்து, கையெழுத்துப் போட்டார்.

ஆலைக்குச் செய்தி அவர்களுக்கு முன்னால் போய்விட்டது. பெண்கள் வாசலில் நின்று கத்தினார்கள். செல்லக்கனி சிமென்ட் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், பிறகு கனகமணியின் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். லிங்கதுரை வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, ஒன்றுமில்லை சும்மாதான் என்று சொல்லிவிட்டு வைத்தார். கனகமணிக்குப் பசித்தது. மூன்று நாளாகச் சாப்பிட்டது எதுவும் நினைவில்லை.

புறப்படும் நேரத்தில் ஒடெட் தூள் அறையில் அவளோடு நின்றார். செல்லக்கனியும் மாதிரி கட்டிக்கொடுக்க வந்திருந்தாள்.

“ஒன்று கூற வேண்டும். நான் இங்கு கோபால்ட் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.”

கனகமணி திகைத்துப் பார்த்தாள்.

“சிறுமியாக இருந்தபோது நானும் அந்தக் கல்லை ஆற்றில் அலசினேன். என் தம்பி குழிக்குள்ளேயே இருக்கிறான். சுரங்கங்கள் ஒழிய வேண்டும் என்றுதான் இந்தப் பணிக்கே வந்தேன். இப்போது அவை மூடப்படுகின்றன. எங்கள் ஊரில் உலை வைக்க வழியில்லை. தங்கள் ஆலை பொய் என்றால் இன்னும் சில ஆண்டுகள் எங்கள் கல்லை வாங்குவார்கள்.”

“அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

“தாங்கள் மறைக்கவில்லையே. நான் மட்டும் எப்படி?” கருவி நின்றது, மறுபடி தொடங்கியது. “எங்கள் நாட்டில் லித்தியம் உண்டு. மாங்கனீசு உண்டு. நிக்கலை விலைக்கு வாங்கலாம். இத்தனை காலம் கல்லை மட்டுமே விற்றோம், தூள் செய்ததில்லை. இப்போது, சட்டப்படி, நான் ஒரு மாதிரி எடுத்துச் செல்ல வேண்டும். சோதனை முடிந்ததும் அது தணிக்கையாளருக்கே உரியது.”

“எவ்வளவு எடுக்கணும்?”

“குறைந்தது ஒரு தேக்கரண்டி.”

“கூடினா?”

“அது குறித்துச் சட்டம் எதுவும் கூறவில்லை.”

கனகமணி அவரையே பார்த்தாள். அவளுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. “என் பேட்டன்ட்டுல வெதை போடாம செய்யுறதுன்னுதான் இருக்கு. வெதை போட்டுச் செய்யுறதுக்கு எனக்கு ஒரு உரிமையும் கெடையாது,” என்றாள். பிறகு திரும்பி, “செல்லக்கனி, அந்தச் சின்னப் பை வேண்டாம். பெருச எடு,” என்றாள்.

செல்லக்கனி பெரிய பையை விரித்து அள்ளிப் போட்டாள். ஒவ்வொரு கரண்டிக்கும் நிமிர்ந்து இருவர் முகத்தையும் பார்த்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் பையைத் தட்டிக் குலுக்கி இடம் செய்துகொண்டு மறுபடியும் அள்ளினாள்.